இருட்டு வராத ஊரில் கடல் ட்ரவுட்

வாசிக்கிற மற்றவர்களுக்காக முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடல் ட்ரவுட் என்பது ஆற்றில் பிறந்து, கடலில் தின்று, ஆற்றுக்குத் திரும்பி வருகிற மீன். ஃப்ளை என்பது மயிர் கட்டிய, பூச்சி மாதிரியான தூண்டில் முள். வட நோர்வேயின் பூடோ நகரில் இரண்டு வருடமாக இருக்கிற ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “அண்ணை, ஜூலை முதல் வாரத்தில் சால்ட்டால் ஆற்றில் மூன்று இரவு ஃப்ளை போட்டேன். சுற்றிவரக் கடல் ட்ரவுட் துள்ளுது, ஒன்றும் கொத்தவில்லை. இங்கிலாந்துக்காரர் எழுதியதை வாசித்துவிட்டு நடுச்சாமத்தில்தான் போனேன். 14 அடி இரட்டைக்கைக் கோல் வாங்கினால் சரிவருமா? கடைசி நாள் ஒரேயொரு மீன் பட்டது. உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், வயிறு சிவப்பு. அதையும் விட்டுவிட்டேன். எங்கே பிழை?”

தம்பி, கோலை வாங்காதீர்கள். காசு இருக்கட்டும். பிழை உங்கள் கையிலும் இல்லை, கோலிலும் இல்லை. ‘நடுச்சாமம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லில் இருக்கிறது.

நீங்கள் வாசித்தவர்கள் பொய் எழுதவில்லை. வேல்ஸிலும் வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் கடல் ட்ரவுட்டை இரவில் பிடிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த தனிக் கலை. அக்கரைப் புல்லின் பச்சை மறைந்து எல்லாம் ஒரே கறுப்பாகும்வரை தண்ணீரில் கால் வைக்காதே என்பார்கள். ஆனால் அவர்களுடைய ஜூலையில் இரவு என்று ஒன்று உண்டு. பூடோவில் ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை சூரியன் இறங்குவதே இல்லை. நீங்கள் மூன்று நாளும் போய் நின்றது பட்டப்பகலில். கடிகாரம் பன்னிரண்டு காட்டுகிறது என்பதற்காக மீன் ஏமாறாது.

நான் 1988-இல் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவன். அந்தக் காலத்தில் நம்மவர் நிறையப் பேர் அந்தக் கரைகளில்தான் வந்து இறங்கினோம். பகல் முழுக்கக் கொட் மீன் வெட்டிய கை, லீவு நாளிலும் மீனைத் தேடிப் போகுமா என்று வீட்டில் கேட்பார்கள். போகும். பிறகு பூடோ இருக்கிற இந்த நூர்லாண்டுக்கு இறங்கி வந்து ஃப்ளை பழகி, ஐந்து கோடை சும்மா திரும்பி வந்தவன் நான். நீங்கள் மூன்று இரவுக்கே கவலைப்படுகிறீர்கள்.

இங்கே ஓர் இடைக்கதை. நோர்வே மொழியில் ஆற்றுக்கு ‘எல்வா’. அது ஊர்ப் பெயரோடு ஒட்டும்போது சால்ட்டால்செல்வா, மோல்செல்வா என்று வரும். வந்த புதிதில் வரைபடத்தைப் பார்த்து, இந்த நாட்டில் ஆற்றுக்கெல்லாம் நம்முடைய செல்வா பெயரை வைத்திருக்கிறார்களே என்று ஒரு நண்பர் உண்மையாகவே கேட்டார்.

சரி, மீனுக்கு வருவோம். அதன் வாழ்க்கை தெரியாமல் அதைப் பிடிக்க முடியாது.

கடல் ட்ரவுட் தனி இனம் இல்லை. ஆற்றிலேயே கிடந்து வளர்கிற பழுப்பு ட்ரவுட்டும் இதுவும் ஒன்றுதான், சல்மோ ட்ரூட்டா. லின்னேயஸ் 1758-இல் பெயர் வைத்தபோது ஆற்றில் உள்ளது, ஓடையில் உள்ளது, கடலுக்குப் போவது என்று மூன்று இனமாகப் பிரித்து எழுதிவிட்டார். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது பிறகுதான் தெளிவானது. ஒரு தாயின் முட்டைகளில் பிறந்தவற்றுள் சில ஆற்றோடு நின்றுவிடும், சில வெள்ளி உடுப்புப் போட்டுக்கொண்டு கடலுக்கு இறங்கும். இறங்குவதில் பெண் மீன்களே கூட. கடலில் தீனி அதிகம், உடம்பு பெருத்தால் முட்டையும் பெருகும். ஆணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கையளவாக இருந்துகொண்டே, பெரியவர்கள் முட்டையிடும் இடத்தில் ஓரமாக நுழைந்து காரியத்தை முடித்துவிடுவான். இதே மீனை வெள்ளைக்காரர் 1880-களில் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளுக்கும் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அதற்குக் கடல் ஆசை வந்திருந்தால் வழியிலேயே வெந்துபோயிருக்கும்.

வடக்கில் குஞ்சு ஆற்றில் மூன்று முதல் ஐந்து வருடம் வரை கிடந்துதான் முதல்முறை இறங்கும். மே கடைசி, ஜூன் அதற்குக் காலம். சால்மன் போல நடு அத்திலாந்திக்குக்கு ஓடாது. ஃபியோர்டுக்குள்ளும் (மலைகளுக்கு நடுவே நீண்டு நுழைந்த கடல்) கரையோரத்திலும் நின்று சின்ன ஹெரிங், மணலுக்குள் ஒளியும் சன்ன மீன்கள், கூனி மாதிரியான பூச்சிகள் எல்லாவற்றையும் தின்னும். சால்ட்டால் மீன்களுக்கு முன்வாசல் ஷேர்ஸ்டாட் ஃபியோர்ட். அதற்கு வெளியேதான் நீங்கள் பாலத்தில் நின்று பார்த்திருக்கக்கூடிய சால்ட்ஸ்ட்ரவ்மென் நீரோட்டம். இரண்டு மூன்று மாதம் தின்று கொழுத்துவிட்டு மறுபடி ஆற்றுக்கு வந்துவிடும். முட்டையிடுகிற வயது வராததும் வரும், ஏனென்றால் வடக்கின் குளிர்காலக் கடலில், அந்தக் குளிரும் உப்பும் சேர்ந்த தண்ணீரில், உடம்பின் உப்பைச் சரிக்கட்டுவது அதற்குக் கடினம். முட்டையிட்ட பிறகு பெரும்பாலான சால்மன் செத்துப்போகும். கடல் ட்ரவுட் அப்படி இல்லை, பல வருடம் வந்துவந்து போகும். உங்கள் முன்னால் துள்ளியதில் ஒன்று இந்த ஆற்றுக்கு ஆறாவது தடவை வந்ததாகக்கூட இருக்கலாம். அந்த மடுவை உங்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். ஆற்றுக்குள் வந்த பெரிய கடல் ட்ரவுட் அநேகமாகத் தின்பதில்லை. சின்னதுகள் கொஞ்சம் தின்னும். பசியில்லாத மீனை ஏன் கொத்த வைக்க முடிகிறது என்பதற்குப் பல விளக்கம் சொல்வார்கள்: கோபம், பழக்கம், கடல் நினைவு. எனக்கு விளக்கத்தில் அக்கறை இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். பசித்த மீன் ஆபத்தைப் பொருட்படுத்தாது. பசியில்லாத மீனுக்கு ஆபத்து மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே இது தீனி காட்டி ஏமாற்றுகிற வேலை இல்லை. அது பயமில்லாமல் இருக்கிற சில நிமிடங்களைக் கண்டுபிடிக்கிற வேலை.

அதன் கண்ணுக்கு இமை இல்லை. கண்மணியும் நம்முடையதைப் போலச் சுருங்கி விரியாது. வெளிச்சம் கூடினால் அதற்கு ஒரே வழி, ஆழத்துக்கோ நிழலுக்கோ போய்விடுவது. அங்கே அசையாமல் கிடக்கும். துள்ளும், ஆனால் கொத்தாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வானத்துக்கு எழும்பி ‘தொபீர்’ என்று விழுகிற மீனைப் பார்த்து நான் வீணாக்கிய மணிகளைக் கூட்டினால் ஒரு மாதச் சம்பளம் வரும். சத்தமில்லாமல் முதுகைக் காட்டி, பின்னால் வாலைக் காட்டி உருண்டு மறைகிற மீன்தான் நம்முடையது.

அப்படியானால் இருட்டு வராத ஊரில் இரவை எங்கே தேடுவது? பல இடத்தில் கிடக்கிறது.

முதல் இடம் மலை நிழல். இதற்கு ஒரு விஷயம் மனதில் இருக்க வேண்டும்: இங்கே கோடை நடுச்சாமத்தில் சூரியன் வடக்கே நிற்கும். நம் ஊரில் பிறந்த மூளைக்கு இது ஏறச் சில வருடம் எடுக்கும். ஆறு கிழக்கு மேற்காக ஓடி வடபக்கம் மலை இருந்தால், பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை அந்த மடு முழுக்க நிழல். பள்ளத்தாக்கு வடக்கே கடலைப் பார்த்துத் திறந்திருந்தால் நடுச்சாமச் சூரியன் நேரே ஆற்றோடு உள்ளே அடிக்கும். அங்கே மாலை ஏழு மணி நடுச்சாமத்தைவிட நல்லது, மேற்குப் பக்கத்து மலை மறைத்திருக்குமானால். ஆகவே கோலை எடுக்காமல் ஒரு நாள் போய், எந்த மடுவில் எத்தனை மணிக்கு நிழல் விழுகிறது, எப்போது விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படி ஒரு பழைய கொப்பி இருக்கிறது. அதில் ஃப்ளையின் பெயர் ஒன்றுகூட இல்லை, வெறும் மணிக்கணக்கு.

இரண்டாவது, மழை. வெளிச்சம் குறைவது ஒரு பக்கம், ஆறு ஏறுவது இன்னொரு பக்கம். ஆறு ஏறும்போது ஃபியோர்டில் காத்திருந்த மீன் உள்ளே வரும். ஆனால் ஏறுகிற தண்ணீரில் சருகும் புல்லும் அடித்துக்கொண்டு வருமே தவிர, மீன் கொத்துவது குறைவு. ஏறி முடிந்து, இறங்கத் தொடங்கி, கலங்கல் தெளிந்து தேத்தண்ணி நிறத்துக்கு வரும் அந்த அரை நாள்தான் தங்கம். அப்போது பகல் இரண்டு மணிக்கும் கொத்தும். கடலிலிருந்து புதிதாக வந்த மீனுக்கு இன்னும் ஆற்றுப் பயம் பிடிக்கவில்லை. கையில் எடுத்தால் செதில் கழன்று விரலில் ஒட்டும், சிலவேளை வால் பக்கத்தில் கடல் பேன் என்கிற ஒட்டுண்ணி இருக்கும். நன்னீரில் அந்தப் பேன் சில நாளில் விழுந்துவிடும், அதனால் பேனைக் கண்டால் மீன் நேற்று முன்தினம் வந்தது என்று கணக்கு.

பனிமலை உருகி வருகிற தண்ணீர் இதிலிருந்து வேறு. வெயில் நாளில் ஆறு ஏறி, பால் கலந்தது போல வெளுக்கும். ஜூனில் அப்படிக் குளிர்ந்த தண்ணீரில் நின்று கால் மரத்ததுதான் மிச்சம். தண்ணீர் 8 பாகை செல்சியஸ் தாண்டிய பிறகு போங்கள். வறண்ட கோடையில் 20-ஐ நெருங்கினால் போகாதீர்கள், அப்போது பிடித்து விட்டாலும் மீன் பிழைக்காது.

மூன்றாவது, உடைந்த தண்ணீர். மடுவின் தலையில் கல்லில் மோதி நுரைத்து விழுகிற இடத்தில் மேற்பரப்பு நொறுங்கிக் கிடக்கும். அதன் கீழே இருக்கிற மீனுக்கு வானமும் தெரியாது, நீங்களும் தெரியமாட்டீர்கள். ஜூலையின் வெளிச்சத்தில் நான் பிடித்தவற்றில் பெரும்பங்கு அந்த நுரைக்குள்தான். சின்ன ஃப்ளை, முள் இலக்கம் 10 அல்லது 12, வேகமாக இழுப்பேன். அதற்கு யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது. மங்கலில் செய்வதற்கு நேர்மாறு இது.

நான்காவது, ஆகஸ்ட். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு இரவு பதினொரு மணிக்கு உண்மையான மங்கல் இறங்கும். மாதக் கடைசியில் ஃப்ளை கட்டக் கைவிளக்கு வேண்டும். சிவப்பு விளக்காக எடுங்கள், ஆற்றுக்கு முதுகைக் காட்டி எரியுங்கள். நீங்கள் வாசித்த இங்கிலாந்து ஞானமெல்லாம் அப்போது அப்படியே பலிக்கும். மூடும் தேதியை மட்டும் அந்த ஆற்றுக்கான விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மங்கலில் மீன் என்ன செய்யும் என்று எனக்குக் காட்டியவர் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் வெட்டிய ஒரு நோர்வேப் பெண்மணி. வாயாடாத மனுஷி. ஒரு ஆகஸ்ட் சனிக்கிழமை தன்னோடு ஆற்றுக்கு வரச் சொன்னார். நான் போன கையோடு தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் அளவுகூட இல்லை, மடு முடிந்து மெல்லிசாக வழிந்து அடுத்த இறக்கத்துக்குப் போகிற இடம். இத்தனை ஆழங்குறைந்த இடத்தில் மீன் எங்கே நிற்கப்போகிறது, நடுவில் கறுத்துக் கிடக்கிற ஆழத்துக்கு எறிய இதுதான் வசதி என்று நினைத்தேன். இரண்டாவது அடி வைத்தபோது என் காலடியிலிருந்து மூன்று கோடுகள் புறப்பட்டன. கத்தியால் சீலை கிழித்த மாதிரி, ஆங்கில ‘வி’ எழுத்துப்போல விரிந்து மேலே ஓடின. மூன்றும் இரண்டு கிலோவுக்குக் குறையாது. நான் மிதித்துக் கலைத்துவிட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரையில் இருந்து கோப்பி ஊற்றினார். முக்கால் மணி நேரம் இருந்தோம். க்னொட் என்று இங்கே சொல்கிற பொடிப் பூச்சி என் காதைத் தின்றுகொண்டிருந்தது. பிறகு எழும்பி, தண்ணீரில் கால் வைக்காமல், பத்து மீற்றர் பின்னால் நின்று, முழங்காலில் இருந்தபடி அந்த மெல்லிசு வழிச்சலுக்கே எறிந்தார். மூன்றாவது வீச்சில் கோல் வளைந்தது. மங்கல் விழுந்ததும் மீன் ஆழத்தை விட்டு மடுவின் கடைவாய்க்கு இறங்கி வந்து நிற்கும். நான் அதன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு வீட்டுக்குள் கல்லெறியப் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த மடுவுக்குப் போனாலும் முதல் பதினைந்து வீச்சு கரையிலிருந்து, காலடி நனையாமல். குனிந்து நிற்பதற்கும் காரணம் உண்டு. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் சுமார் 97 பாகை அகலமான ஒரு கூம்புக்குள் அடங்கித் தெரியும். கரைத்தரையோடு ஒட்டியிருப்பது அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கி மங்கிவிடும். நிமிர்ந்து நின்றால் அதே வட்டத்துக்குள் தலை நீட்டுகிறீர்கள். 14 அடிக் கோலை ஆட்டினால் கேட்கவே வேண்டாம்.

கோல் பற்றிக் கேட்டீர்கள். ஒற்றைக் கைக் கோல், 9 அல்லது 9½ அடி, 7-ஆம் இலக்கக் கயிறு. போதும். ஃப்ளை பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரணத் தூண்டிலில் முன்னால் இருக்கிற பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் ஃப்ளைக்குப் பாரமே இல்லை, தடித்த கயிற்றின் பாரம்தான் அதைக் கொண்டுபோகிறது. அதனால் கையின் பலத்தைவிட நேரம் பார்த்து நிறுத்துவதுதான் முக்கியம். கோல் பின்னால் போய் நின்று, கயிறு முழுக்க நீண்டு, பிறகு முன்னுக்கு. சால்ட்டால் போன்ற ஆற்றில் பதினைந்து மீற்றர் எறியத் தெரிந்தால் முக்கால்வாசி மீன் எட்டும். பதினைந்து மீற்றரைச் சத்தமில்லாமல் விழவைக்கப் பழகுங்கள், முப்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

மிதக்கிற கயிறு ஒன்று, மெல்ல அமிழ்கிறது ஒன்று. முன்னால் கட்டுகிற தங்கூசி 0.28 மில்லிமீற்றர், வெளிச்சமும் தெளிந்த தண்ணீரும் என்றால் 0.25. இதைவிட மெல்லிசாகப் போக வேண்டாம். கடல் ட்ரவுட் பட்டதும் ஓடுகிற ஓட்டத்தில் வீட்டுக்கு வெறும் கயிறுதான் வரும்.

ஃப்ளை விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைக் கேட்டால் சம்பளம் போய்விடும். என் பெட்டியில் இருப்பது ஐந்து வகை. வெள்ளி உடலில் நீல மயிர் வைத்தது, ஃபியோர்டிலிருந்து புதிதாக வந்த மீனுக்கு. வெள்ளி உடலில் கறுப்பு மயிர் வைத்தது, மற்ற எல்லா நேரத்துக்கும். பித்தளைக் குழாயில் கட்டிய பாரமான கறுப்பு, குளிர்ந்த உயர்ந்த தண்ணீருக்கு. வெளிச்சத்துக்குச் சின்னப் பழுப்பு. கடைசியாக, மான் மயிரைத் தலையில் கட்டி வெட்டின மிதப்பு ஃப்ளை. ஆகஸ்ட் மங்கலில் அதை மேற்பரப்பில் கோடு கிழிக்கவிட்டு இழுக்கும்போது வருகிற அடி இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்தப் பூச்சிக்கடியைப் பொறுக்கிறேன். சின்ன ஃப்ளைக்கு உருமாதிரி எவ்வளவு முக்கியம் என்று கேட்டால், நிழலுக்குப் பிறகு, காலடிக்குப் பிறகு, வேகத்துக்குப் பிறகு நாலாவதாக வைப்பேன்.

எறிகிற விதம்: அக்கரைப் பக்கமாகக் கொஞ்சம் கீழ்நோக்கி, ஓட்டம் அதை வளைத்து உங்கள் கரைக்குக் கொண்டுவரட்டும். மங்கலில் இடது கையின் விரல்களில் கயிற்றை எட்டுப் போடுவது போலச் சுற்றி மெதுவாக எடுங்கள். ஒரு வீச்சு, ஓரடி கீழே, மறு வீச்சு. கொத்து பலமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல தடவை ஈரத் துணியில் ஃப்ளை மாட்டிய மாதிரி ஒரு சின்ன இழுவை, அவ்வளவுதான். கோலை உயர்த்தி வெட்டி இழுக்கக் கூடாது. அதன் வாய் மெது, கிழிந்துவிடும். கயிற்றை விரலில் இறுக்கிப் பிடியுங்கள், மீன் திரும்பும்போது முள் தானாக ஏறும். அது வானத்துக்கு எழும்பும்போது கோலைத் தாழ்த்துங்கள். நான் இழந்த பெரிய மீனெல்லாம் மூன்றாவது துள்ளலில் போனவை.

தண்ணீரில் இறங்கப் போடுகிற காற்சட்டையை ஆங்கிலத்தில் வேடர்ஸ் என்பார்கள். வாங்குகிறீர்கள் என்றால் மார்புவரை வருவதை வாங்கி, இடுப்பில் பட்டியை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறையாது. வேடர்ஸ் போட்டவன் எல்லாம் வேடன் ஆகிவிட மாட்டான் என்று என் மனைவி சொல்வது வேறு கதை.

அனுமதி விஷயத்தில் விளையாட வேண்டாம். 18 வயது வந்தவர் ஆற்றில் சால்மன், கடல் ட்ரவுட், ‘சார்’ (char) என்கிற மீனில் கடலுக்குப் போய்வருகிற வகை ஆகியவற்றைப் பிடிக்க அரசுக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு மேலே அந்த ஆற்றுக்கான அட்டை தனி. எத்தனை வைத்திருக்கலாம், எந்த நீளம், எந்த வாரம் என்பது ஆற்றுக்கு ஆறு, வருடத்துக்கு வருடம் மாறும். போன வருடம் சரியாக இருந்தது இந்த வருடம் குற்றமாகலாம். 2024 ஜூன் 23-இல் தெற்கே 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதைப் பருவத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். தானா ஆற்றில் 2021 முதல் சால்மன் தடை. ஆகவே போகிற காலையில் ஒருக்கால் பாருங்கள்.

வேறு ஆற்றில் நனைந்த காற்சட்டை, கைவலை, கயிறு எதுவும் காயாமல் அல்லது கிருமி நீக்காமல் இந்த ஆற்றில் படக் கூடாது. ஜைரோடாக்டிலஸ் என்று அரை மில்லிமீற்றர் ஒட்டுண்ணி, 1970-களில் சுவீடனிலிருந்து கொண்டுவந்த குஞ்சுகளோடு வந்து சுமார் 50 ஆறுகளில் சால்மன் குஞ்சுகளை அழித்தது. கடல் ட்ரவுட்டை அது கொல்லாது, ஆனால் அதை ஒழிக்க ரானாவிலும் வெஃப்ஸ்னாவிலும் ஆறு முழுக்க ரோட்டெனோன் என்கிற நஞ்சை ஊற்றியபோது ட்ரவுட்டும் சேர்ந்தே செத்தது. கிருமி நீக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க அலுப்புப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

கடல் ட்ரவுட்டின் பெரிய எதிரி கடல் பேன். கூண்டில் வளர்க்கிற சால்மன் லட்சக்கணக்கில் ஃபியோர்டில் நிற்கும்போது பேன் பெருகும். சால்மன் குஞ்சு அந்த இடத்தைக் கடந்து ஓடிவிடும். கடல் ட்ரவுட் கோடை முழுக்க அங்கேயே நிற்கிறது. பேன் தின்ற மீன் கடலில் ஒரு மாதம்கூட நிற்காமல், மெலிந்து, முதுகுத் துடுப்பு அரித்துப்போய் ஆற்றுக்குத் திரும்பி வரும். 2017 முதல் இங்கே கூண்டுகளுக்குப் பேனின் பாதிப்பைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து விளக்கு முறை வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு சால்மன் குஞ்சை வைத்துப் போட்டது. அங்கேயே குடியிருக்கிறவனைக் கேட்காமல் வழிப்போக்கனைக் கேட்டு ஊரின் சுகம் பார்க்கிற மாதிரி என்பது என் அபிப்பிராயம்.

இதனால்தான் பெரிய பெண் மீனை நான் வைத்திருப்பதில்லை. விதி விட்டால் ஒரு கிலோவுக்கு உட்பட்ட ஒன்று போதும், இரண்டு நாள் சொதிக்குக் காணும். இறால் வகை தின்ற மீன், சதை செம்மஞ்சள், தேங்காய்ப்பாலில் கரையாமல் நிற்கும். விடுகிற மீனுக்கு: முள்ளின் உட்பக்கம் இருக்கிற சிறு கூர்முனையைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கையை நனைத்துப் பிடியுங்கள், தண்ணீரை விட்டு எடுக்காமல் தலை ஓட்டத்தைப் பார்க்க வைத்திருங்கள். அது தானாக உதறிக்கொண்டு போகும்.

ஆகஸ்ட்வரை பொறுக்க முடியாது என்றால் ஃபியோர்டுக்குப் போங்கள். கடலில் தின்கிற மீன் பசித்த மீன், இவ்வளவு வம்பு இல்லை. மே மாதம், கடல் நீர் ஏறத் தொடங்கி இரண்டாவது மணி, பாசி படர்ந்த கல்லும் மணலும் மாறிமாறி வருகிற ஆழமில்லாத கரை. கரையிலிருந்து கோலில் பிடிக்க அரசுக் கட்டணமும் இல்லை. ஆற்று வாய்க்கு அருகே தடை இருக்கும், நீள அளவும் இருக்கும், அதைப் பாருங்கள். முதல் வீச்சைக் கரைக்கு ஒட்டிப் போடுங்கள், ஒரு மீற்றர் ஆழத்தில் நிற்கும்.

இனி அந்தக் கடைசி நாள் மீன். சால்மனையும் கடல் ட்ரவுட்டையும்தான் ஆட்கள் வழக்கமாகக் குழப்புவார்கள். ட்ரவுட்டின் மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டும், பக்கக் கோட்டுக்குக் கீழேயும் கறுப்புப் புள்ளி இருக்கும், வால் அடி தடிப்பு. வாலைப் பிடித்துத் தூக்கினால் சால்மன் கையில் நிற்கும், ட்ரவுட் வழுக்கிவிடும். ஆனால் இரண்டுக்கும் புள்ளி கறுப்பு. வெளிறின வெள்ளைப் புள்ளியும் சிவந்த வயிறும் என்றால் நீங்கள் பிடித்தது இரண்டும் இல்லை. அது ‘சார்’ மீன். அதன் வயிற்றுத் துடுப்புகளின் முன்விளிம்பில் சுண்ணாம்பால் கோடு போட்ட மாதிரி வெள்ளை இருந்திருக்கும், கையில் படம் இருந்தால் பெருப்பித்துப் பாருங்கள். அதற்கு விதி தனி, சில ஆறுகளில் தொடவே கூடாது. விட்டது நல்லதாய்ப் போயிற்று. அது எந்த மடுவில், எத்தனை மணிக்குப் பட்டது, அப்போது வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதுங்கள். என் கொப்பியில் சேர்த்துக்கொள்கிறேன்.